பனியன் விலை 6 டாலர்! பாக்கியைக் கொடுத்தது யார்?

ஒரு மாணவியின் கேள்வி பேராசிரியையை உலகம் சுற்ற வைத்தது

1999-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நல்ல குளிர். அங்குள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வாசற்படிகளில் சுமார் நூறு மாணவ-மாணவிகள் கூடிக் கோஷம் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

ஒரு மாணவி ஒலிபெருக்கியை வாங்கினாள். கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவரவர் போட்டிருக்கும் பனியனைத் தைத்தது யார் என்று யாருக்காவது தெரியுமா என்பதுதான் அந்தக் கேள்வி.

பதிலையும் அவளே சொன்னாள். எங்கோ ஓர் ஏழை நாட்டில், பசியோடும் தாகத்தோடும், கழிப்பறைக்குப் போகக்கூட அனுமதி கேட்டு நிற்கும் ஒரு சிறுமியாக இருக்கலாம் என்றாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பேராசிரியை நின்று கேட்டுக்கொண்டு இருந்தார். அவர் பெயர் பியத்ரா ரிவோலி. வணிகப் பாடம் நடத்துகிறவர். அந்தப் பெண் அடித்துச் சொன்ன விதம் அவருக்கு வியப்பாக இருந்தது. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசித்தார்.

வேறு யாராவது என்றால் யோசித்ததோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ரிவோலி அம்மையார் அப்படி விடவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டார்!

கிளி போட்ட பனியன்

புளோரிடா மாநிலத்தில் ஒரு கடையில் கைவைத்த பனியன்களைத் தொட்டியில் குவித்து வைத்திருந்தார்கள். "டி-ஷர்ட்" என்கிறார்களே, அதுதான். நெஞ்சில் வண்ணக் கிளி. கீழே "புளோரிடா" என்று எழுத்து. விலை 5 டாலர் 99 காசு. அதாவது 6 டாலருக்கு ஒரு காசு குறைவு.

அந்தப் பனியனை வாங்கினார். அதன் பின்னாலேயே போனார்.

கிளியை அச்சிட்டது மயாமி நகரத்துக் கம்பெனி ஒன்று. வெறும் பனியன் வந்தது சீனாவில் இருந்து. ஷாங்காய் நகரத்து வியாபாரி ஒருவர் வாஷிங்டனுக்கு வந்தபோது, பேராசிரியை அவரைப் பிடித்துக்கொண்டார். தைக்கும் ஆலையைக் காட்ட முடியுமா? நூல் ஆலையை? பருத்திக் காட்டை?

ஆலைகளைக் காட்டலாம், பருத்தி விளைவது வெகு தொலைவில் ஆயிற்றே என்றார் வியாபாரி. அறையில் இருந்த பூகோள உருண்டையைச் சுழற்றினார். சீனாவில் எங்கோ ஒரு மூலையில் விரல் நிற்கும் என்று பேராசிரியை எதிர்பார்த்தார்.

விரல் நின்ற இடம் எது தெரியுமா? டெக்ஸாஸ்! அமெரிக்காவிலேயே உள்ள டெக்ஸாஸ் மாநிலம்!

தன் நாட்டில் விளைந்த பருத்தி கப்பல் ஏறிச் சீனாவுக்குப் போய், நூலாகித் துணியாகிப் பனியனாகி, மறுபடியும் கப்பல் ஏறித் தன் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவும் 6 டாலருக்குள் முடிந்துவிட்டது!

டெக்ஸாஸ் பருத்திக் காட்டுக்குப் போனார். ஷாங்காய் ஆலைகளுக்குப் போனார். ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவுக்கும் போனார். அங்கே எதற்கு? அமெரிக்கர்கள் போட்டுக் கழித்துத் தானமாகப் போடும் பனியன்கள் மூட்டை மூட்டையாக அங்கேதான் போய் விலைக்கு விற்கின்றன. அந்தப் பழந்துணிக்கு அங்கே "மிடும்பா" என்று பெயர். அதற்கென்றே சந்தைகள் இருக்கின்றன.

பயணத்தின் கதையை 2005-ம் ஆண்டு புத்தகமாக எழுதினார்.

மாணவி சொன்னது சரியா, தவறா? இரண்டும்தான். ஷாங்காய் ஆலையில் வேலை கடினம், நேரம் அதிகம். ஆனால் கிராமத்தில் இருந்து வந்திருந்த பெண்கள், வயலுக்குத் திரும்புவதைவிட ஆலையே மேல் என்றார்கள். வியாபாரம் அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டு இருந்தது. அதே சமயம், பழைய காலத்து ஆலைகளைவிட இந்த ஆலைகள் கொஞ்சமாவது நல்ல நிலைக்கு வந்ததற்குக் காரணம், அந்த மாணவியைப் போலத் தலைமுறை தலைமுறையாகக் கத்தியவர்கள்தான் என்பதையும் பேராசிரியை ஒப்புக்கொண்டார். வியாபாரியும் வேண்டும், கோஷம் போடுகிறவனும் வேண்டும் என்று எழுதியதில் இரு தரப்புக்குமே கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம்.

இது ஒரு பாடம்

இப்படி ஒரு பொருளின் பின்னால் நூல் பிடித்துப் போவது இன்று உலகெங்கும் கல்லூரிகளில் தனிப் பாடமாகிவிட்டது. "நீடித்து நிற்கும் சரக்குச் சங்கிலி நிர்வாகம்" என்று அதற்குப் பெயர்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். காலையில் குடிக்கும் காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மலைத்தோட்டத்தில் பழம் பறிக்கிறவர், கொட்டையைக் காய வைக்கிறவர், மொத்த வியாபாரி, லாரிக்காரர், வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்காரர் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதுதான் சங்கிலி.

"நீடித்து நிற்கும்" என்றால்? இந்த ஆண்டு காப்பி வந்தால் போதாது. அடுத்த தலைமுறைக்கும் வர வேண்டும். மலையில் மண் இருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். பழம் பறிக்கிறவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தேய்ந்து அறுந்துபோகும்படி மற்றவர்கள் இழுக்கக் கூடாது.

சொல்வது எளிது. இழுப்பது யார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதை மாணவர்களுக்குப் புரிய வைக்க ஆசிரியர்கள் கையாளும் முறை வேடிக்கையானது. வகுப்பில் விளையாட்டு ஆட வைக்கிறார்கள்!

பீர் இல்லாத பீர் விளையாட்டு

அதன் பெயர் "பீர் விளையாட்டு". முகம் சுளிக்க வேண்டாம். ஒரு சொட்டு பீர் கூடக் கிடையாது. மேசையும், காகிதச் சீட்டும், சில்லறைக் காசும்தான். ஒரு காசு என்றால் ஒரு பெட்டி பீர் என்று பாவனை.

இதை அமைத்தவர் ஜே பாரஸ்டர் என்ற அமெரிக்க நிபுணரும் அவருடைய குழுவினரும். அவர் நெப்ராஸ்கா மாநிலத்து மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். 1918-ம் ஆண்டு பிறந்து 2016-ம் ஆண்டு மறைந்தார். கம்ப்யூட்டர் துறையில் பெயர் பெற்ற பின், எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் வியாபார நிர்வாகம் கற்பிக்க வந்தார்.

அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் அவரிடம் ஒரு புதிரைச் சொன்னார்கள். கெண்டகி மாநிலத்தில் வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஆலைகள் அவர்களுக்கு இருந்தன. சில சமயம் மூன்று ஷிப்டு வேலை. அதற்கு மேலும் கூடுதல் நேரம். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. ஏன் இப்படி? நாட்டில் வியாபாரம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பாரஸ்டர் பென்சிலையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆர்டர் எவ்வளவு வருகிறது, கையிருப்பு எவ்வளவு, எத்தனை பேரை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று வாரம் வாரமாகக் கணக்குப் போட்டார். வெளியில் இருந்து வரும் ஆர்டர் ஒரே சீராக இருந்தாலும், அவர்கள் முடிவு எடுக்கும் முறையினாலேயே ஆலை ஏறி இறங்கும் என்பது தெரிந்தது!

இந்த உண்மையைத்தான் பீர் விளையாட்டு மேசைக்குக் கொண்டு வருகிறது. 1960-ம் ஆண்டு வாக்கில் தொடங்கிய இந்த விளையாட்டு இன்றும் உலகெங்கும் வகுப்புகளில் நடக்கிறது. நம் நாட்டு நிர்வாகக் கல்லூரிகளிலும் ஆடுகிறார்கள்.

நால்வர் கூட்டு

ஆட்டம் இதுதான். மேசையில் நான்கு பேர். முதலில் சில்லறைக் கடைக்காரர். அடுத்து மொத்த வியாபாரி. அடுத்து விநியோகஸ்தர். கடைசியில் பீர் ஆலை.

ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 12 பெட்டி கையிருப்பு. வாரத்துக்கு ஒரு முறை தனக்கு அடுத்தவரிடம் ஆர்டர் போட வேண்டும். சரக்கு வழியில் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். ஒரு பெட்டி விற்காமல் கிடந்தால் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் நிலுவை வைத்தால் பெட்டிக்கு ஒரு டாலர் நஷ்டம். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சீட்டு மட்டும்தான் கைமாறும்.

வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பது முதல் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

முதல் நான்கு வாரம் வாடிக்கையாளர் 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாவது வாரம் 8 பெட்டி கேட்கிறார். அவ்வளவுதான்! அதன் பிறகு கடைசி வரை 8 பெட்டிதான். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆனால் மேசையில் நடப்பதைப் பார்க்க வேண்டுமே!

கடைக்காரர் கையிருப்பு கரைகிறது. பதறிப்போய்க் கொஞ்சம் அதிகமாக ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரி, "ஓகோ, பீருக்குக் கிராக்கி வந்துவிட்டது" என்று இன்னும் அதிகமாகப் போடுகிறார். விநியோகஸ்தர் அதற்கும் மேலே போகிறார். ஆலையில் இருப்பவர் இரவு பகலாகக் காய்ச்சுகிறார். சில வாரம் கழித்துச் சரக்கு வெள்ளமாக வந்து குவிகிறது. உடனே எல்லோரும் ஆர்டரை நிறுத்துகிறார்கள். ஆலையில் வேலை இல்லை!

எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் பல ஆட்டங்களின் கணக்கைச் சேர்த்து 1989-ம் ஆண்டு வெளியிட்டார். ஆர்டரின் உச்சம் சராசரியாக எவ்வளவு போயிற்று என்று பார்த்தால், கடைக்காரர் 15 பெட்டி, மொத்த வியாபாரி 19, விநியோகஸ்தர் 27, ஆலை 32! வாடிக்கையாளர் கேட்டதோ எட்டே எட்டு. ஆகியிருக்க வேண்டிய செலவைப் போலச் சுமார் பத்து மடங்கு செலவு. ஆடியவர்களில் சிறு பிள்ளைகள் யாரும் இல்லை. மாணவர்களோடு பெரிய கம்பெனி அதிகாரிகளும் ஆடியிருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர் ஒரு வேலை கொடுப்பார். வாடிக்கையாளர் வாரம் வாரம் எவ்வளவு கேட்டார் என்று ஊகித்துப் படம் போடச் சொல்வார். ஆலைக்காரர் மலையும் பள்ளமுமாக அலை வரைவார். பிறகு ஆசிரியர் உண்மைப் படத்தைக் காட்டுவார். ஒரு படி ஏறிப் பிறகு நேராகப் போகும் ஒரு கோடு!

அதுவரை பக்கத்தில் இருந்தவரை முறைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அப்போது முகம் மாறும். மேசையில் மோசக்காரர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் கடையைத்தான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டார்.

சாட்டை நுனி

நிஜ வாழ்க்கையிலும் இப்படித்தானா? குழந்தைகளுக்குக் கட்டும் "பாம்பர்ஸ்" துணியைச் செய்யும் பிராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனி ஒரு விசித்திரத்தைக் கண்டது. குழந்தைகள் நனைப்பது எல்லா மாதமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கடை விற்பனையும் பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஆனால் ஆலைக்கு வரும் ஆர்டர் மட்டும் துள்ளிக் குதித்தது.

மாடு ஓட்டுகிறவர் மணிக்கட்டை லேசாகச் சொடுக்குகிறார். சாட்டையின் நுனி எட்டடி தூரத்தில் படீரென்று வெடிக்கிறது. ஆகவே இதற்கு "சாட்டை விளைவு" என்று பெயர் வைத்தார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாவ் லீயும் அவருடைய நண்பர்களும் 1997-ம் ஆண்டு இதன் காரணங்களை ஆராய்ந்து எழுதினார்கள்.

சாட்டை நுனி காற்றில் வெடித்தால் சத்தத்தோடு போயிற்று. ஆள் மேல் விழுந்தால்?

பனியன் சங்கிலியின் நுனியில் இருப்பது தையல் ஆலை. லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு நிறம் திடீரென்று விற்கத் தொடங்கினால், டாக்கா பக்கத்து ஆலையில் இரவு விளக்கு அணையாது. விற்பனை நின்றால் ஆலைக்கதவு மூடும்.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா பரவியபோது மேல்நாடுகளில் கடைகள் மூடின. கம்பெனிகள் பல, கொடுத்த ஆர்டரை ரத்து செய்தன. வெட்டித் தைத்து மூட்டை கட்டிய சரக்கைக் கூட எடுக்க மறுத்தன. துணியைக் கைக்காசு போட்டு வாங்கியது ஆலைக்காரர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆன்னர் என்ற ஆராய்ச்சியாளர் வங்காளதேச ஆலைகளில் உடனே கணக்கெடுத்தார். அந்த மாதத்திலேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையில் இருந்து நீக்கப்பட்டோ, வீட்டுக்கு அனுப்பப்பட்டோ இருந்தது தெரிய வந்தது.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அதே நாட்டில் நடந்ததை உலகம் மறந்திருக்காது.

விரிசல் விட்ட சுவர்

டாக்காவுக்கு அருகே சாவர் என்ற ஊர். அங்கே "ராணா பிளாசா" என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி சுவரில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல் மாடிகளில் இருந்த தையல் ஆலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

24-ந் தேதி காலை கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் மாண்டார்கள். சுமார் 2,500 பேர் காயம் அடைந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகள் சிலவற்றைப் பரிசோதகர்கள் முன்பே வந்து பார்த்துப் போயிருந்தார்கள்! அவர்கள் கையில் இருந்த பட்டியலில், சுவரும் தூணும் தாங்குமா என்ற கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

பரிசோதனையால் பயன் உண்டா என்பதை எம்.ஐ.டி.யில் இருந்த ரிச்சர்டு லாக் என்ற பேராசிரியர் அதற்கு முன்பே ஆராய்ந்து இருந்தார். நைக் என்ற பூட்ஸ்-பனியன் கம்பெனியின் பெயர் 1990-களில் கெட்டுப் போயிருந்தது. பிறகு அது தனக்குச் சரக்குத் தரும் ஆலைகளுக்கு ஆள் அனுப்பிப் பரிசோதித்து வந்தது. அந்தக் கணக்குகளை லாக்கிடம் திறந்து காட்டியது. 51 நாடுகளில் 800-க்கும் மேற்பட்ட ஆலைகள். அவ்வளவு செலவுக்கும் பிறகு, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆலைகளில் நிலைமை பழையபடியே இருந்தது. அல்லது மோசமாகி இருந்தது.

லாக்கும் கூட்டாளிகளும் மெக்சிகோவில் இரண்டு பனியன் ஆலைகளை அருகில் போய்ப் பார்த்தார்கள். பரிசோதகர் போட்ட மார்க்கு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே போனால் ஒன்று வேறு உலகம். மற்றது வேறு உலகம்!

முதல் ஆலையில் தொழிலாளர்கள் குழுவாக வேலை செய்தார்கள். பல வேலைகளும் பழகியிருந்தார்கள். வேலையை எப்படிப் பிரிப்பது என்பதில் அவர்கள் பேச்சு எடுபட்டது. இரண்டாவது ஆலையில் ஒருவருக்கு ஒரே வேலை. தலைக்கு மேல் மேஸ்திரி. கூலி எங்கே அதிகம் என்று நினைக்கிறீர்கள்? முதல் ஆலையில்தான். ஓர் ஆள் ஒரு நாளில் முடித்த பனியன் அங்கே 150, இங்கே 80. ஆகவே கூலி கூடியும், பனியனுக்கு ஆகும் செலவு முதல் ஆலையில்தான் குறைவு!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முதல் ஆலைக்கு நைக் ஆட்கள் அடிக்கடி போய் வந்தார்கள். வேலை முறையைச் சேர்ந்து பேசித் திருத்தினார்கள். இரண்டாவது ஆலையோடு அந்தப் பழக்கம் குறைவு. நோட்டுப் புத்தகத்தோடு வந்து மார்க்கு போட்டுப் போனதைவிட, இந்தப் போக்குவரத்தே பலன் தந்தது என்பது ஆராய்ச்சிக்காரர்களின் முடிவு.

ராணா பிளாசா இடிந்த அடுத்த மாதமே பெரிய கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதில் இந்தப் பாடத்தின் சாயல் தெரிகிறது. 200-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன. என்ஜினீயர்கள் 1,600-க்கும் அதிகமான ஆலைகளைச் சோதித்தார்கள். முடிவுகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. மீறினால் சட்டப்படி கேட்கலாம். சுவரைப் பலப்படுத்த ஆலைக்காரரிடம் பணம் இல்லை என்றால், அதற்கு வழி செய்வது வாங்குகிற கம்பெனியின் பொறுப்பு என்றும் எழுதினார்கள். மேசையின் முதல் நாற்காலியில் இருப்பவர் கடைசி நாற்காலியின் செலவைப் பற்றிப் பேச வேண்டி வந்தது அப்போதுதான். அதற்கு 1,134 உயிர்கள் போக வேண்டி இருந்தது.

நொய்யல் கொடுத்த விலை

பனியன் என்றால் திருப்பூரை விட்டுப் பேச முடியாது. உலகத்துக் கடைகளுக்குப் பனியன் அனுப்பும் ஊர். அந்தச் சங்கிலியின் நுனியில் இருந்தது ஓர் ஆறு.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது நொய்யல். பனியனுக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். அதுவும் ஏராளமாக வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்பு தங்காது, தண்ணீரோடு வெளியே போய்விடும். நூற்றுக்கணக்கான சாய ஆலைகளின் தண்ணீர் ஆற்றுக்குப் போயிற்று.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டி 1992-ம் ஆண்டு திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்ல வேண்டிய விவசாயிகள், "ஐயா, திறந்துவிடாதீர்கள்! எங்கள் நிலமும் கிணறும் போய்விடும்" என்று கெஞ்ச வேண்டி வந்தது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று இதற்கான ஆணையம் கணக்கிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீர் கூட வெளியே போகக் கூடாது என்று ஐகோர்ட்டு சொன்னது. 2009-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் அசுத்தம் செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அப்படியும் தண்ணீர் நிற்கவில்லை. 2011-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, சாய ஆலைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. சுமார் 700 ஆலைகள்!

ஊர் ஸ்தம்பித்தது. சாயப் பட்டறைத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். துணியைச் சாயம் போட வெளியூர்களுக்கு அனுப்பினார்கள்.

இங்கேதான் மேசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாய ஆலைகளில் பல, சொந்தமாகப் பனியன் விற்பவை அல்ல. மற்றவர் துணிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சாயம் போடுபவை. கூலியை நிர்ணயித்தது ஏற்றுமதியாளர். அவருக்கு விலையை நிர்ணயித்தது வெளிநாட்டுக் கடை. கோர்ட்டில் பதில் சொல்ல நின்றவர்கள் சாய ஆலைக்காரர்களும் அரசாங்க இலாகாக்களும். பனியனை வாங்கி விற்ற வெளிநாட்டுக் கடைக்காரர்கள் அந்தக் கோர்ட்டுப் படி ஏறவில்லை. ஆற்றில் கழிவைவிட்டவர்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பில் முழுவதும் அவர்கள் பெயருக்கே வந்தது.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறின. ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. நுண்ணிய சவ்வுகள் வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டுகிறார்கள். மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிச் சுண்ட வைக்கிறார்கள். பெரும்பகுதித் தண்ணீர் மறுபடியும் சாயத் தொட்டிக்கே போகிறது. உப்பும் திரும்பப் போகிறது. உலகத்தில் வெகு சில ஊர்களே செய்திருக்கும் காரியம் இது.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. காய்ச்ச விறகும் மின்சாரமும் வேண்டும். கடைசியில் மிஞ்சும் கசடையும் கலப்பு உப்பையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். ஆற்றைக் காப்பாற்றினால் புகை கூடுகிறது. புகையைக் குறைத்தால் செலவு கூடுகிறது. இந்தச் செலவில் எவ்வளவு பனியன் விலையில் ஏறுகிறது, எவ்வளவு சாய ஆலைக்காரர் தலையில் நிற்கிறது என்பதை ஆராயும் வேலைக்கு இன்னும் நிறைய மாணவர்கள் தேவைப்படுவார்கள்.

கழுத்துப் பட்டிச் சீட்டு

பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இப்போது ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். போட்டிருக்கும் சட்டையின் கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சீட்டு இருக்கும். தைத்த நாட்டின் பெயர் அதில் உண்டு. பருத்தி விளைந்த ஊர் இருக்காது. சாயம் ஏறிய ஊர் இருக்காது. மீதியை மாணவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்பு கம்பெனிகள் ஆலையின் பெயரைக் கேட்டால் வியாபார ரகசியம் என்று சொல்லிவிடும். மாணவர்கள் பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்தார்கள். 2005-ம் ஆண்டு நைக் கம்பெனி தன் ஆலைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. ராணா பிளாசாவுக்குப் பிறகு இன்னும் பல கம்பெனிகள் வெளியிட்டன.

இன்று தையல் ஆலைகளின் பட்டியல் பல கம்பெனிகளிடம் கிடைக்கிறது. நூல் ஆலை, சாய ஆலை எது என்று கேட்டால் சில கம்பெனிகள்தான் சொல்கின்றன. பருத்திக் காடு எது என்று கேட்டால் பதில் சொல்கிறவர்கள் மிகவும் குறைவு. அந்த இடம் வந்ததும் மாணவர்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.